அரண்மனை மூடல் அறிவிப்புத் துறைக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
'இன்று அரண்மனை மூடல்' அறிவிப்புத் துறை,
அரண்மனை மதிலோர நடைபாதை,
பாங்காக்.

பொருள்: தங்கள் துறையின் தளராத சேவையைப் பாராட்டுதலும் சில கோரிக்கைகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் துறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அரசாணை கிடையாது, நிதி ஒதுக்கீடும் கிடையாது. ஆனாலும் பாங்காக்கில் இத்தனை ஒழுங்காக இயங்கும் வேறொரு துறையைக் காட்டச் சொன்னால் பயணிகள் திணறிப்போவார்கள். பெரிய அரண்மனையின் கதவு காலை எட்டரைக்குத்தான் திறக்கிறது. தங்கள் ஊழியர்கள் அதற்கு முன்பே பணியில் இருக்கிறார்கள். வருகைப் பதிவேடும் மேலதிகாரியின் மெமோவும் இல்லாமல் ஊழியர்கள் நேரத்துக்கு வரும் துறையை எங்கள் ஊரில் பார்த்துப் பழக்கமில்லை. அதனால்தான் இந்த மடல்.

தங்கள் நடைமுறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ ஓர் அட்டை, கல்யாண மண்டப வாசலில் சந்தனம் நீட்டும் மாமாவின் சிரிப்பு. இந்தக் கோலத்தில் ஒருவர் வழியில் நிற்பார். "அரண்மனைக்கா? அடடா, இன்று பௌத்தத் திருநாள் அல்லவா? பிக்குகள் பூசையில் இருக்கிறார்கள். மதியத்துக்கு மேல்தான் வெளிநாட்டவரை விடுவார்கள்." கதவு அவருடைய முதுகுக்குப் பின்னால் திறந்தே இருக்கும். ஆனால் அது இருப்பது அடுத்த முனையில். வந்தவர் நிற்பது இந்த முனையில். இடைப்பட்ட அந்தச் சில நூறு அடிதான் தங்கள் துறையின் ஆட்சி எல்லை.

அரச சடங்குகளுக்காக அரண்மனையை உண்மையாகவே மூடும் நாட்களும் உண்டு. அன்றைக்குத் தங்கள் ஊழியர்கள் உண்மையைப் பேசிவிடுகிறார்கள். தொழிலில் இப்படிப்பட்ட விபத்துகளைத் தவிர்க்க முடியாதுதான்.

அடுத்து வரைபடம் விரியும். பேனாவால் மூன்று வட்டங்கள் போடுவார். "நின்ற கோலத்தில் பெரிய புத்தர்", "அதிர்ஷ்ட புத்தர்", "அரசு ஏற்றுமதி மையம், இன்றே கடைசி நாள்". பக்கத்திலேயே ஒரு டுக்-டுக் தற்செயலாக நின்றுகொண்டிருக்கும். மூன்று இடத்துக்கும் சேர்த்து வாடகை 20 பாட். அரண்மனைக்குள் போக வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். ஐந்நூறு எங்கே, இருபது எங்கே! ஏழைப் பயணிக்கு இரங்கும் நெஞ்சம் தங்கள் துறைக்கு மட்டும்தான் இருக்கிறது. ஓட்டுநருக்குக் கடைக்காரர் தரும் பெட்ரோல் கூப்பனைப் பற்றி இங்கே பேசுவது அநாகரிகம்.

அந்த மூன்று வட்டங்களில் முதலாவது நிஜமான கோயில் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாட் இந்தரவிஹானில் 32 மீட்டர் உயரத்தில் பொன்னிறமாக நிற்கும் புத்தரைப் பல பயணிகள் தங்கள் புண்ணியத்தால்தான் பார்க்கிறார்கள். கோயிலுக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்று பொய்க்கு நடுவில் ஓர் உண்மையைச் செருகி வைக்கும் நுட்பத்தைத்தான் நான் வியக்கிறேன். இரண்டாம் வட்டத்தில் இன்னொரு கனவான் அமர்ந்திருப்பார். அவர் எதையும் விற்கமாட்டார். சும்மா பேச்சுவாக்கில், தான் போன வருடம் இங்கே நீலக்கல் வாங்கிப்போய் வெளிநாட்டில் இரண்டு மடங்குக்கு விற்றதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். முதல் ஆள் சொன்னதை நம்பாத பயணிகூட, சம்பந்தமே இல்லாத இரண்டாவது ஆள் சொன்னால் நம்பிவிடுகிறார். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள் ஐயா இதை?

எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கியில் நகைக்கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். சங்கிலியைக் கையில் வாங்கியதுமே எவ்வளவு செம்பு என்று சொல்லக்கூடியவர். அவரே நீலக்கல்லோடு ஊர் திரும்பினார். கல் போலி இல்லை, நிஜக் கல்தான். அதன் தகுதிக்குப் பல மடங்கு விலை, அவ்வளவுதான். போலி என்றால் போலீசுக்குப் போகலாம், விலை கூடுதல் என்றால் மனைவியிடம்தான் போக வேண்டும். இந்த வேறுபாட்டின் மேல்தான் தங்கள் மாளிகை எழுந்து நிற்கிறது. தாய்லாந்தில் நல்ல கற்கள் இல்லாமலில்லை. சந்தபுரியில் மாணிக்கமும் நீலமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. அங்கே வாங்குகிறவர்கள் கல்லைப் படித்தவர்கள், அவர்கள் டுக்-டுக்கில் வருவதில்லை.

மெத்தப் படித்தவர்களும் ஏன் தங்களிடம் சிக்குகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். பேராசை என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அது பாதிதான். பயணக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். "உள்ளூர் மக்களோடு பேசுங்கள்", "கூட்டம் போகாத கோயிலைத் தேடிப் போங்கள்", "டுக்-டுக் அனுபவத்தைத் தவறவிடாதீர்கள்", "விலையைக் குறைத்துக் கேளுங்கள்". இந்த நான்கு உபதேசத்தையும் ஒரே காலைப் பொழுதில், இருபது பாட்டில், தாங்கள்தான் நிறைவேற்றித் தருகிறீர்கள். ஏமாந்தவர்கள் எல்லாரும் கீழ்ப்படிதலுள்ள வாசகர்கள்! அன்னிய நகரத்தில் இறங்கியது முதல் அவர்களிடம் பேசியவை டிக்கெட் இயந்திரமும் ஒலிபெருக்கியும்தான். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்த முதல் மனிதர் தங்கள் ஊழியர். அரண்மனைத் தரப்போ, "அந்நியர்களை நம்பாதீர்கள்" என்று பலகை வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. அந்தப் பலகையையும் பயணிக்குப் படித்துக் காட்டி, "பார்த்தீர்களா, ஜாக்கிரதையாக இருங்கள்" என்று தங்கள் ஆள் சொன்னாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

இனி கோரிக்கைகள்.

முதலாவது, மொழிக்கொள்கை. 2024இல் தாய்லாந்துக்கு வந்த இந்தியர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் கணிசமானோர் எங்கள் ஆட்கள். ஆனால் தங்கள் ஊழியர்கள் நிறத்தைப் பார்த்ததும் "நமஸ்தே, நமஸ்தே" என்கிறார்கள். இது இந்தித் திணிப்பு. ஏமாறுவதிலும் எங்களுக்குத் தாய்மொழி உரிமை உண்டு. "வணக்கம்ணா, வாங்க, சாப்டீங்களா" என்று கேட்க மதிலுக்கு ஒருவர் வீதமாவது நியமிக்கவும்.

இரண்டாவது, கிளை அலுவலகங்களின் தரம். தங்கள் டாக்ஸிப் பிரிவு சோம்பிக் கிடக்கிறது. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும் என்று பயணிக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டுநர் "மீட்டர் ரிப்பேர், முந்நூறு" என்கிறார். மறுத்தால், வண்டியை முதலாளியிடம் விடும் நேரம் என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார். இதெல்லாம் சென்னை சென்ட்ரல் வாசலில் நாங்கள் தொடக்கப் பள்ளியிலேயே படித்த பாடம். எங்களிடம் எடுபடாது. விமான நிலையத்தில் மீட்டருக்கு மேல் கேட்கும் 50 பாட்டும், விரைவுச் சாலைச் சுங்கமும் முறைப்படியானவை. அதைக்கூட மோசடி என்று நினைத்துப் பயணிகள் சண்டை போடுகிறார்கள். தங்களுக்குச் சேர வேண்டிய வசவு அப்பாவிகள் தலையில் விழுகிறது.

தங்கள் இணையப் பிரிவு மட்டும் காலத்தோடு நடக்கிறது. 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைய மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். அதையே நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தளங்கள் உடனே முளைத்துவிட்டன. பயணி விமானம் ஏறுமுன்பே வசூலை முடிக்கிறார்கள். மதிலோரப் பிரிவினர் பாடம் கற்க வேண்டாமா?

மூன்றாவது, போட்டி. 2019இல் சனாம் சாய் மெட்ரோ நிலையம் திறந்ததிலிருந்து ஆட்கள் பூமிக்கு அடியிலேயே வந்து, வாட் போ கோயில் பக்கத்தில் எழுந்து, தங்களைக் கண்டுகொள்ளாமலே நடந்துபோகிறார்கள். ஆற்றில் ஓடும் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறுகிறவர்கள் ஒரே கட்டணத்தில் அரண்மனைக்கு அருகிலுள்ள தா சாங் துறையில் இறங்கிவிடுகிறார்கள். ஆறு தங்கள் எல்லைக்குள் வரவில்லை என்பது பெரிய நிர்வாகக் குறை.

நான்காவதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். தாங்கள் திருப்பி அனுப்பும் ஆட்கள் எதைப் பார்க்காமல் போகிறார்கள் என்று தங்கள் ஊழியர்களாவது ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கட்டும். தாய்லாந்துக் குடிமக்களுக்குக் கட்டணமே இல்லையே. அரண்மனை வளாகக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரின் உயரம் 66 சென்டிமீட்டர்தான். பெயரில் மரகதம், கல் பச்சை ஜேடு. கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று வருடத்தில் மூன்று முறை மன்னரே வந்து ஆடை மாற்றுகிறார். சுற்றுப் பிராகாரச் சுவரில் 178 சித்திரங்களில் தாய் ராமாயணமான ராமகியென் ஓடுகிறது. நம் அனுமன் நைட்டிகப் பிரம்மச்சாரி. அங்குள்ள அனுமன் அணை கட்டப் போன இடத்தில் ராவணன் மகளான கடற்கன்னியைக் காதலித்துவிடுகிறான். கம்பனை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் ஒரு நாள் முழுக்கச் சண்டை போடலாம். அந்த இன்பத்தைக் கெடுத்து, அவர்களை டுக்-டுக் கொண்டுபோய் இறக்கும், கோட்டு தைக்க அளவெடுக்கும் கடையில் உட்காரவைப்பது பெரும் பாவம். அதுவும் சென்னை வெயிலில் கோட்டு!

கடைசியாக, வழித்தடம். அதிர்ஷ்ட புத்தருக்குப் பதிலாக எங்கள் ஆட்களைச் சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பி வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய கோயில். நுழைவு இலவசம், உள்ளே படம் எடுக்கத் தடை. தாய் மக்களே சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்கிறார்கள். கமிஷன் கிடைக்காதுதான். ஒரு நாள் சேவையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சேவையைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து கண்டு வியந்த,
ஒரு தமிழ்ப் பயணி

நகல்: பாங்காக் செல்லவிருக்கும் அனைவருக்கும். முழங்காலும் தோளும் மறையும் உடை உடுத்திக்கொள்ளுங்கள். தெருவில் யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கொடுக்கும் இடம்வரை நடந்து போய் அங்கேயே கேளுங்கள். பணம் கொடுத்த பிறகுதான் விழிப்பு வந்தது என்றால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.