படைக்கு எடை குறைக்கும் முறை: குளச்சல் கரைக்கு ஒரு சிறுநூல்

நூல் என்றால் பாயிரம் வேண்டும் என்பது நம் மரபு. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளைக் கேட்கிறது. மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நுதலிய பொருள், ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன் உடம்பு எடையைக் குறைப்பது. எல்லை, கிழக்கே கொட்டில்பாடு முதல் மேற்கே வாணியக்குடி வரை, நடுவில் குளச்சல். கேட்போர், பதினேழரை வயது நிரம்பிய பையன்களும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் அம்மாக்களும். பயன் எதுவென்று படித்து முடித்தபின் அவர்களே தீர்மானிக்கட்டும்.

முதலில் அளவுகள். ராணுவத்தின் அக்னிவீர் பொதுப்பணிக்குத் தமிழ்நாட்டுப் பையனிடம் கேட்கும் உயரம் 166 செ.மீ. மார்பு 77, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடி முடித்தால் 60 மதிப்பெண். பையன்கள் ‘பீம்’ என்று சொல்லும் புல்அப்ஸ் பத்து எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதற்கும் வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடப்பதற்கும் மதிப்பெண் இல்லை, தேறினால் போதும். கடலோரக் காவல்படையில் நாவிக் (மாலுமி) வேலைக்கு 157 செ.மீ. உயரம் போதும், அதே 1.6 கிலோமீட்டருக்கு 7 நிமிடம் தருகிறார்கள், கூடவே இருபது உட்கார்ந்தெழல், பத்துத் தண்டால். எடைக்கு மட்டும் அறிவிப்பில் ஒற்றை எண் கிடையாது. உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற எடை என்று ஒரு வரி இருக்கும். மருத்துவர் மேசையிலிருக்கும் அட்டவணைதான் முடிவு சொல்லும். தெரியாத எண்ணுக்குப் பயப்படுகிறவன் கண்டதையும் செய்வான் என்பதால் இந்த விஷயத்தை விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

ஆள்சேர்ப்பு முகாம் நெருங்கும் வாரத்தில் விடியற்காலை நாலரை மணிக்குக் கடற்கரைக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மற்றவர்கள் அரைக்கால் சட்டையில் ஓட, ஒருவன் மட்டும் மழைக்கோட்டு போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டு ஓடுகிறான். சாயா குடிக்க வந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் அவனைக் கைகாட்டி நிறுத்துகிறார்.

“மக்களே, மழையா பெய்யுது?”

“இல்ல மாமா. மூணு கிலோ கொறயணும். புதன்கிழமை கிரவுண்டு, வியாழக்கிழமை மெடிக்கலு.”

“தண்ணி குடிச்சியா?”

“நேத்து மத்தியானம் குடிச்சேன்.”

உதடு வெடித்திருந்தது. நெற்றியில் உப்புப் படிந்திருந்தது. மழைக்கோட்டின் கையை அவர் பிடித்துத் தூக்கியதும் உள்ளேயிருந்த வியர்வை முழங்கை வழியாக மணலில் ஒழுகியது. மூன்று கிலோ குறைந்துவிட்டதாக அந்தப் பையன் நம்பிக்கொண்டிருந்தான். எடை மெஷினும் அவனுக்குச் சாதகமாகவே சொல்லும். நம் பையன்களை ஏமாற்றுவது இந்த இடம்தான்.

நம் உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது. வளர்ந்த ஆணிடம் அது சுமார் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மூன்று நாள் சோற்றை நிறுத்தினால் இந்தச் சேமிப்பு கரைந்து, பிடித்து வைத்திருந்த தண்ணீரும் வெளியேறி, முள் ஒன்றரை இரண்டு கிலோ இறங்கும். கொழுப்பு அங்கேயே இருக்கும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மூன்று நாளில் யோக்கியமாக அதைச் செய்ய முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடுவதற்கு உடம்பு முதலில் கேட்பது அந்தக் கிளைகோஜனைத்தான். உடல் எடையில் இரண்டு சதவீத அளவுக்குத் தண்ணீர் குறைந்தாலே ஓட்டம் தளரும். 65 கிலோ பையனுக்கு இரண்டு சதவீதம் என்பது 1.3 கிலோ. 400 மீட்டர் தடத்தில் நாலு சுற்று, சுற்றுக்கு 82 நொடி. பட்டினி கிடந்தவன் முதல் சுற்றை எல்லோரோடும் சேர்ந்து முடிப்பான், இரண்டாவதையும் முடிப்பான். மூன்றாவது சுற்றின் வளைவில் கால் கனத்துவிடும். மெடிக்கலுக்காகப் பட்டினி கிடந்தவன் மெடிக்கலையே பார்க்காமல் பஸ் ஏறுகிறான்.

பட்டினி கிடக்கும் படை தோற்கும் என்பதைக் குளச்சல்காரர்களுக்கு வேறு ஊர்க்காரன் சொல்லித் தர வேண்டியதில்லை. 1741-ல் இதே கரையில் இறங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தடுப்பரண் கட்டி உள்ளே உட்கார்ந்திருந்தது. வெளியே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை. கட்டைகளைப் பீரங்கிபோல் நிறுத்தியும், மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்தியும் எதிரியை மிரட்டினார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆனால் முடிவைத் தீர்மானித்தது அரிசி. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஒரு பீரங்கிக் குண்டு அரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடிக்க, சேர்த்து வைத்திருந்த அரிசி முழுவதும் எரிந்துபோயிற்று. ஓரிரு நாளில் சரணடைந்தார்கள். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையையே ஐரோப்பிய முறையில் பயிற்றி ‘வலிய கப்பித்தான்’ ஆனதும், 1777-ல் இறந்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் போரின் வெற்றித் தூணைத் தாண்டி ஓட்டப்பயிற்சிக்குப் போகும் பையன்கள் அந்த அரிசிக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. டச்சுக்காரனுக்கு விபத்தாக வந்ததை நம் பையன் தானே தேடிப்போய் வாங்கிக்கொள்கிறான்.

இனி எடைக் கணக்கின் வரலாறு. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1832-ல் சொன்னவர் பெல்ஜியத்தின் கெத்தலே. வானியலும் புள்ளியியலும் அவர் துறைகள். மருத்துவம் அவர் படித்ததில்லை. 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவுகளை எடுத்துக்கொண்டு சராசரி மனிதன் என்ற கருத்தை வளர்த்தவரும் அவரே. ஆக, மருத்துவர் நம் பையனின் மார்பில் வைக்கும் டேப்புக்கும் அவனை ஏற்றி நிறுத்தும் தராசுக்கும் பின்னால் நிற்பது ஒரே ஆள். அந்தக் கணக்குக்கு உடல்நிறைக் குறியீடு என்ற பெயரை 1972-ல் ஆன்சல் கீஸ் வைத்தார். ஐரோப்பிய உடம்புக்கு 25 வரை சரி என்றிருந்ததை, ஆசியர்களுக்கு 23-லேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. 166 செ.மீ. பையனுக்கு 23 என்றால் 63.4 கிலோ. ராணுவ அட்டவணை வயதுக்கு வயது மாறுவது. இந்த எண்ணை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு வருடம் முன்பே தன் நிலைமையைத் தெரிந்துகொள்ள இது போதும்.

கெத்தலே கணக்கில் ஒரு குறை உண்டு. தசைக்கும் கொழுப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கரமடி வலை இழுத்து வளர்ந்தவனுக்குத் தோளும் முதுகும் கனமாகவே இருக்கும். அதிகாரி நிலைத் தேர்வுக்கான ராணுவ மருத்துவ விதிகள் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. குத்துச்சண்டை, மல்யுத்தம், உடற்கட்டு இவற்றில் ஈடுபட்டதற்கு ஆவணம் இருந்து, குறியீடு 25-க்குக் கீழேயும் இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குக் கீழேயும் இருந்து, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் கூடுதல் எடையை ஏற்கலாம் என்கின்றன. வலை இழுத்ததற்கு யார் ஆவணம் தருவார்கள்? நம் ஊர் விளையாட்டு மன்றங்கள் இந்தப் பையன்களை மாவட்டப் போட்டிகளுக்கு அனுப்பி, ஒரு சான்றிதழாவது கையில் இருக்கும்படி செய்ய வேண்டும்.

வலை இழுப்பவனைப் படை குறைத்து மதிப்பது புதிதல்ல. ரோமானியர் வெஜீஷியஸ் படைக்கலை பற்றி எழுதிய நூலில் மீனவரைப் படையில் சேர்க்கவே கூடாது என்கிறார். கொல்லர், தச்சர், இறைச்சி வெட்டுவோர், வேட்டைக்காரர் போதுமாம். பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய அந்தத் தீர்ப்பு தவறு என்பதற்கு 1741-ஐயும் காட்டலாம், 2018 கேரள வெள்ளத்தையும் காட்டலாம். அப்போது மக்களை மீட்ட மீனவர்களைத் தங்கள் சொந்தப் படை என்றே கேரளம் கொண்டாடியது. ஆனால் இன்றைய பையனின் நிலை வேறு. அவன் தாத்தா துடுப்பு வலித்தார். அப்பா எஞ்சின் வள்ளத்தில் போகிறார். அவன் கல்லூரி பஸ்ஸிலும் வகுப்பிலும் உட்கார்ந்து வருகிறான். சாப்பாடு மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே விளம்பப்படுகிறது.

அந்தச் சாப்பாட்டைப் பழிப்பது என் நோக்கம் இல்லை. நம் வீட்டுச் சமையலைப்போல எடை குறைப்புக்கு வாகானது குறைவு. சாளை, அயிலை, நெத்தோலி எதை எடுத்தாலும் நூறு கிராமில் இருபது கிராம் அளவுக்குப் புரதம். பட்டணத்துப் பையன் டப்பாவில் விலை கொடுத்து வாங்கும் பொடி நம் கரைக்குக் கூடையில் வந்து இறங்குகிறது. சிக்கல் மீனுக்குப் பக்கத்தில் இருப்பவற்றில்தான். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய மரச்சீனிக் கிழங்கு பஞ்சத்தில் உயிர் காத்தது. அதில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. குழம்புக்குத் தேங்காய் அரைத்து, மீனையும் பொரித்தால் எண்ணெய்க் கணக்கு ஏறிவிடும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெய் சுமார் 120 கலோரி. 70 கிலோ பையன் 1.6 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 110. விடியற்காலை ஓடியதைப் பொரித்த மீனின் எண்ணெய் மதியமே திருப்பிக் கொடுத்துவிடும். மீனைப் புளிமுளமாக வைத்துக் கொடுங்கள்; பொரிப்பது ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கட்டும். கிழங்கு தின்கிற நாளில் சோறு வேண்டாம். காலையில் கஞ்சியும் பயறும் மிக நல்ல உணவு, ஓடுகிறவனுக்கு அதிலுள்ள உப்பும் தண்ணீரும் தேவை. இரவு பரோட்டாக் கடை, மாலையில் நேந்திரம் சிப்ஸ், கருப்பட்டி சேர்த்தாலும் சர்க்கரை சேர்த்தாலும் நாளுக்கு நாலு சாயா, இவற்றை விட்டாலே பெரும்பாலான பையன்களுக்கு நாளொன்றுக்கு 500 கலோரி குறையும். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு சாப்பிடும் அளவையும் நேரத்தையும் பற்றியவை. எடை குறைக்க மருந்துக் கடையில் சிறுநீர் போகும் மாத்திரை கேட்டு நிற்கிற பையனுக்கு அந்த அதிகாரத்தை யாராவது வாசித்துக் காட்டினால் புண்ணியம்.

நாளுக்கு 500 கலோரி என்ற பற்றாக்குறை எவ்வளவு தரும்? அதிகாரி நிலைத் தேர்வில் எடை கூடுதல் என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் வர 42 நாள் அவகாசம் உண்டு. 42 நாளில் 21,000 கலோரி, கொழுப்பில் 2.7 கிலோ. யோக்கியமாக எடுக்கக்கூடியது அவ்வளவுதான். எட்டுக் கிலோ குறைக்க வேண்டியவனுக்கு நாலு மாதம் வேண்டும். ஐந்து கிலோ குறைந்தவன் பீமில் பத்து எடுக்கும்போது மொத்தம் ஐம்பது கிலோ குறைவாகத் தூக்குகிறான். ஓட்டத்திலும் ஒவ்வொரு அடிக்கும் அந்த மிச்சம் உண்டு. பட்டினி கெடுத்ததைப் பொறுமை இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறது.

இது வெறும் வேலை கிடைப்பது பற்றிய பேச்சு இல்லை. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு 10 கிலோமீட்டர் ஓட விட்டதில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். வெயில், தயாரிப்பின்மை, ஊக்கமருந்துச் சந்தேகம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. எது உண்மையாக இருந்தாலும் அவர்கள் வேலை கேட்டு வரிசையில் நின்ற பிள்ளைகள். தண்ணீர் குடிக்காமல் மழைக்கோட்டுக்குள் ஓடுகிற பையனைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது. கோபமும் வருகிறது.

எடை கூடிய பையனை வேறு விதமாக நடத்தும் படையும் உண்டு. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகிற பையன்களில் குறியீடு 27-ஐத் தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கிடையாது. உடற்தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு ஒன்பது வாரம் என்றால் அவர்களுக்குப் பத்தொன்பது வார அடிப்படைப் பயிற்சி என்பது அங்கே நெடுங்கால நடைமுறை. அங்கே சேவை கட்டாயம், ஆள் குறைவு. இங்கே ஆள் அதிகம், இடம் குறைவு. படை அந்தக் கூடுதல் வாரங்களைத் தராது. அவற்றை ஊர்தான் தர வேண்டும்.

ஆகவே குளச்சல் வட்டாரத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளஸ் ஒன் சேருகிற ஜூன் மாதத்திலேயே, படைக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி எழுதுங்கள். ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களே, காலையில் கடற்கரைக்கு வரும்போது ஒரு எடை மெஷினும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டு வாருங்கள். அம்மாமார்களே, முகாமுக்கு முந்தின இரவு பையனுக்குச் சோறும் மீனும் தண்ணீரும் வயிறாரக் கொடுத்துப் படுக்க வையுங்கள். தம்பிகளே, மழைக்கோட்டைக் கழற்றுங்கள்.