மண்ணெண்ணெயில் ஓடிய கலியாண வீடியோ

தொண்ணூறுகளின் முற்பாதியில் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் ஒரு கலியாணத்தை வீடியோ எடுப்பதென்றால் முதலில் மண்ணெண்ணெய் தேடவேண்டும். போரால் மின்சாரம் 1990இல் போய்விட்டது. பெற்றோலும் பற்றரியும் பொருளாதாரத் தடைப் பட்டியலில். பெற்றோலுக்கென்று செய்த ஜெனரேற்றருக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மெல்ல மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மொறிஸ் மைனரும் அப்படித்தான் ஓடியது. செய்த கம்பனிக்காரன் பார்த்திருந்தால் மயங்கியிருப்பான். இது இதற்குப் பொருந்தாது என்று சொல்ல அப்போது ஊரில் ஆளில்லை.

என் வேலை லைற் தூக்குவது. எடிற்றிங் என்பது இரண்டு டெக்: ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவது. ஜெனரேற்றர் இருமினால் பொம்பிளையும் திரையில் சேர்ந்து இருமுவார். மூன்றாம் கொப்பியில் கூறைச்சேலை என்ன நிறமென்று வீட்டார்தான் சத்தியம் செய்யவேண்டும்.

மச்சாளின் கலியாணக் கசெற் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியா தாண்டி, கொழும்பில் தபாலேறி, ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஓடவில்லை. இலங்கையில் வீடியோவுக்குப் பால் (PAL) முறை: வினாடிக்கு 25 சட்டகம், 625 கோடு. கனடாவில் என்.ரி.எஸ்.சி: ஏறக்குறைய 30 சட்டகம், 525 கோடு. குண்டுக்குத் தப்பின கசெற் கோட்டுக் கணக்கில் மாட்டுப்பட்டது. காசு கொடுத்து மாற்றித்தான் பெரியம்மா தாலிகட்டைப் பார்த்தார்.

இப்போது மின்சாரம் உண்டு. 2014இல் யாழ்தேவி ரயிலும் திரும்ப வந்தது. ட்ரோன் பறக்கிறது, படம் 4கே. எடிற்றிங் மென்பொருள்தான் திறக்க மறுக்கிறது.

“பயப்பிடாதேங்கோ அண்ணை, படம் பத்திரமா இருக்கு. கிராபிக்ஸ் கார்ட்டின்ரை டிரைவர்தான் ஒத்துவரேல்லை” என்றான் ஸ்ரூடியோத் தம்பி.

டாவின்சி ரிசால்வ் போன்ற எடிற்றிங் மென்பொருள்கள் பாரமான வேலையை எல்லாம் கிராபிக்ஸ் கார்ட்டின் தலையில்தான் கட்டும். என்விடியா கார்ட் என்றால் நடுவில் கூடா என்றொரு தளம். மென்பொருளின் புதிய பதிப்பு புதிய கூடாவைக் கேட்கும். அது புதிய டிரைவரைக் கேட்கும். அந்த டிரைவரோ பழைய கார்ட்டைக் கைகழுவியிருக்கும். 2012இல் வந்த கெப்ளர் தலைமுறை 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டது. இதற்குள் 2019 முதல் விளையாடுகிறவர்களுக்கு ஒரு டிரைவர், எடிற்றிங்காரருக்கு ‘ஸ்ரூடியோ’ என்று இன்னொன்று. சாதி பார்க்கிற கலியாணம்கூட இவ்வளவு விசாரிக்காது.

மண்ணெண்ணெய்ப் புத்தி எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 2010இல் பிரீமியர் சிஎஸ்5 என்ற எடிற்றிங் மென்பொருள் வந்தபோது, ஜிடிஎக்ஸ் 285 முதலான விரல்விட்டு எண்ணக்கூடிய கார்ட்டுகளைத்தான் வேகப் பயன்பாட்டுக்கு ஏற்றது. அந்தப் பட்டியல் இருந்தது ஒரு சாதாரண எழுத்துக்கோப்பில். உலகெங்கும் பொடியள் நோட்பாட்டில் அதைத் திறந்து, தங்கள் கார்ட்டின் பேரையும் கீழே எழுதிச் சேமித்தார்கள். ஓடியது! அந்தப் பட்டியலைப் பிற்பாடு எடுத்துவிட்டார்கள்.

தம்பி புது டிரைவரை அடியோடு துடைத்து, ஒத்துவந்த பழையதைப் போட்டான். திரும்ப அப்டேட் ஏறாமலிருக்க இன்ரநெற் வயரையும் கழற்றிவிட்டான். முடிந்த படத்தைப் பென்டிரைவில் போட்டு, சைக்கிளில் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோகிறான். கனடாவுக்கு அங்கிருந்துதான் அனுப்பவேண்டும்.