கொக்கிப் போர்வையியல்: வகையும் வழுவும்

கொக்கி ஊசி ஒன்று, நூல் ஒன்று, வளையம் பல. இம்மூன்றும் கூடிப் பிறப்பது குரோஷா. ஊசி இரண்டானால் அது ஸ்வெட்டர் அதிகாரம், நூலுக்குப் பதில் ஒயர் வந்தால் கூடை அதிகாரம். இரண்டும் இந்நூலுக்குப் புறம்பு. இந்நூல் வழங்கும் எல்லை கிழக்கே பாடி, மேற்கே அம்பத்தூர் ஓ.டி., நடுவண் மண்ணூர்பேட்டை. நுதலிய பொருள், தானத்துக்கெனப் பின்னப்படும் குழந்தைப் போர்வை.

அற்றேல், சென்னை வெயிலுக்குப் போர்வை எற்றுக்கு? மண்ணூர்பேட்டையார் இதையே, "ஏன்க்கா, ஃபேன் காத்தே பத்தல, இதுல உல்லன் வேறயா?" என்பர். விடை: பிறந்த குழந்தைக்கு உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் வலு குறைவு, குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு. அதற்குத் தலையாய போர்வை தாயின் மார்பே. கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் 1978இல் தொடங்கிய கங்காரு முறை கண்டது அதைத்தான். நாம் பின்னுவது அதற்கு மேலே போர்த்தும் இரண்டாம் போர்வை. இந்த அடக்கம் பின்னுவோர்க்கு முதல் தகுதி என்க.

இனி வகை. மிச்சநூற் போர்வை என்பது வீட்டில் தேங்கிய உருண்டைகளுக்கு முக்தி கொடுக்கப் பிறந்தது. கத்தரிப்பூ நிறத்தருகே கிளிப்பச்சை வரும். குழந்தை குறை சொல்வதில்லை, ஆகவே குற்றமன்று. சாளரப் போர்வை விசிறியும் பூவுமாக, அழகே உருவானது. அதன் ஓட்டையில் பிஞ்சு விரல் மாட்டும். ஆகவே பெருங்குற்றம். குஞ்சம், முத்து, பொத்தான் வைத்ததும் இதன்பாற் படும். இழுத்து வாயில் போடுவதே குழந்தையின் தொழில்.

மூன்றாவது விருதுப் போர்வை. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரித்துக் கின்னஸ் ஏறிய போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அம்பத்தூர் மனை புரோக்கர் கணக்கில் சொன்னால் சுளையாக 50 கிரவுண்டு. அவ்வளவு பெரிய குழந்தை எங்கே என்று நகைப்போர் அறியார்: அது பலரும் பின்னியனுப்பிய சிறு போர்வைகளை ஒட்டியது, அளந்து முடித்ததும் பிரித்துத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். பெருமை ஒரு நாளைக்கு, போர்வை இல்லாதவர்க்கு. இவ்வகையை நான் மெச்சுகிறேன்.

நூலுக்கும் விதி உண்டு. அக்ரிலிக் மலிவு, சாயம் போகாது, துவைக்க எளிது. ஆனால் வியர்க்கும், நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும். கம்பளி சிலருக்கு அரிக்கும். நம் ஊருக்குப் பருத்தி நூலே முறை. நெருக்கமான தையல், ஓரத்தில் முடிச்சு தெரியாத முடிப்பு. "கையால் மட்டும் துவைக்கவும்" என்று சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது தானமன்று, வேலை ஏவுதல்.

புறனடை: ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தைமேல் எந்தப் போர்வையையும் தளர்வாகப் போட்டுவிட்டுப் போகலாகாது என்பது மருத்துவர் மதம். பெரியவர் கண்ணெதிரில், மடியிலோ தரையில் விரித்தோதான் இதற்கு வேலை. பின்னத் தெரியாதவர் கூச வேண்டா. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டியை எந்தக் குரோஷாவும் வென்றதில்லை.

ஊசியை எடுக்குமுன் கொடுக்கப்போகும் ஆஸ்பத்திரிக்கோ காப்பகத்துக்கோ ஒரு போன் போட்டு, என்ன அளவு, என்ன நூல், எத்தனை என்று கேளுங்கள். "போர்வை போதும்மா, டயப்பர்தான் இல்ல" என்றால், டயப்பரே வாங்கிக் கொடுங்கள்.