அம்புக்குறி பாத்து வராது காத்து

வா தாயி, உக்காரு. அந்த ஷீட்டைச் சுருட்டாத. திண்ணையில விரிச்சு நாலு மூலைக்கும் நாலு செங்கலை வை. கட்டடத்தைப் பூராம் கண்ணாடியிலயே முடிச்சுட்ட, ஷீட்டு பறக்காம இருக்கவாவது செங்கல் ஒதவட்டும்.

ஒன் அஞ்சு வருசக் கட்டடக்கலைப் படிப்புல நாலு வருசம் முடிஞ்சிருச்சு. நான் நாப்பது வருசம் கரண்டி புடிச்ச வெறும் கொத்தனாரு. எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் நீ 'எப்படி இருக்கு தாத்தா'ன்னு கேட்டுட்ட. கேட்ட பெறகு சும்மா இருந்தா மருவாதி இல்லைல்ல.

சென்னைப் பெரும்பாக்கத்துக்கு எட்டு மாடிக் குடியிருப்பு போட்டிருக்க. கூவத்து ஓரத்துலயும் அடையாத்து ஓரத்துலயும் இருந்த சனத்தை அள்ளிக்கிட்டுப் போயி வச்ச எடம். நல்ல சோலிதான், கையில எடுத்ததுக்கே ஒன்னைப் பாராட்டணும். ஆனா படத்துல முன்னால ஒரு வெள்ளக்காரி நாயைப் புடிச்சுக்கிட்டு நடக்குறாளே, அவளும் கூவத்து ஓரத்துல இருந்தவதானா? ரேஷன் கார்டு இருக்கா? கைரேகை எடுத்து வீடு ஒதுக்கியாச்சா? அவளுக்குப் பின்னால ஒருத்தன் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டுப் புல்லுல உக்காந்திருக்கான். மீன்கூடைக்காரியக் காணோம். தள்ளுவண்டியக் காணோம். தண்ணிக் கொடத்தக் காணோம். எட்டு மாடியில ஒரு மாடியிலகூட ஒரு பாவாடை காயல. அம்புட்டுச் சனமும் என்ன, வண்ணான்கிட்டயா போடுது? ஒரு கொடிக்கயிறு வரைஞ்சா மார்க்கைக் கொறைச்சுருவாகளா?

இந்த நீலக் கோடு என்னது? காத்தா? சன்னல்ல நொழஞ்சு, கூடத்துல ஒரு சுத்து சுத்தி, அடுப்படிப் புகையவும் கூட்டிக்கிட்டு மேல வழியாப் போகுதா? நல்ல காத்து. ஒங்க காலேஜுல படிச்ச காத்து போல, அம்புக்குறி பாத்து வருது. எங்க ஊருக் காத்துக்கு எழுத்து வாசனை கெடையாது தாயி. எதுக்க ஒரு தொறப்பு இருந்தாத்தான் உள்ள வரும். நீ ஒரு பக்கம் சன்னலு வச்சு மறுபக்கம் அடுத்த வீட்டுச் சொவத்தை ஏத்திட்டு, அம்புக்குறிய மட்டும் வளைச்சு விட்டிருக்க.

சரி, காத்து கெடக்கட்டும். எட்டாவது மாடியில ஒரு கெழவன் செத்துட்டான்னு வையி. சிரிக்காத, கெழவன்னா ஒரு நாளு சாவான், இதுல என்ன அதிசயம்? பாடை ஆறரை அடி நீளம். ஒன் மாடிப்படி திரும்புற எடம் அகலம் 3 அடி. நெட்டுக்குத்தலா நிப்பாட்டித்தான் திருப்பணும். உசுரோட இருந்தப்ப குனிஞ்சே நடந்த மனுசன், போறப்ப நிமிந்து போறான்னு சொந்தக்காரங்களுக்கு ஒரு பெருமைதான். லிஃப்டு இருக்குன்னு சொல்லுவ. அந்தப் பொட்டிக்குள்ள கெழவனை மடிச்சு வைப்பியா? கரண்டு போனா? ஸ்ட்ரெச்சர் நொழையிற மாதிரி லிஃப்டு ஒண்ணு, பாடை திரும்புற மாதிரி படி ஒண்ணு. இந்த ரெண்டையும் முடிச்சுட்டுப் பெறகு மொட்டமாடித் தோட்டத்துக்குப் பச்சை அடி.

போன லீவுல நீயே சொன்னியே, இந்தூருல ஆரண்யான்னு ஒரு குடியிருப்பு. தோஷின்னு ஒருத்தரு போட்டது. 2018-ல கட்டடக்கலைக்குக் குடுக்குற பிரிட்ஸ்கர் பரிசு வாங்குனாரு, நம்ம நாட்டுக்காரருல அவருதான் மொத ஆளு. ஆறாயிரத்து ஐநூறு மனை பக்கம் பிரிச்சு, ஏழை பாழைக்கு முழு வீட்டைக் கட்டிக் குடுக்காம, கடக்காலு, குளிக்கவும் கக்கூசுக்கும் ஒரு மூலை, ஒரு ரூம்பு, இம்புட்டோட நிறுத்திக்கிட்டாருன்னு சொன்ன. மாதிரிக்கு மட்டும் 80 வீடு கட்டிக் காமிச்சாராம். மிச்சத்தை அவகவக கையில காசு சேரச் சேரக் கட்டிக்கிட்டாக.

அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் புடிக்கல. நம்ம தெருவுல எந்த வீட்டு மொட்டமாடிய வேணும்னாலும் பாரு, தூணுக்குக் கம்பி ரெண்டடி நீட்டிக்கிட்டு நிக்கும். மகன் சம்பாதிச்சு மேல எடுப்பான்னு நாங்கதான் விட்டுட்டு வந்தோம். ஒங்க வாத்தியாரு காருல போறப்ப அதைப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிறாரு. இந்தூருன்னா பரிசு, இங்கன்னா அசிங்கம். போகட்டும். அந்தத் துருப்புடிச்ச கம்பிக்குள்ள ஒரு குடும்பத்தோட பதினஞ்சு வருசக் கணக்கு இருக்கு, அதை ஒன் ஷீட்டுல எங்கயும் காணோம். நீ கட்டி முடிச்சு, பூசி முடிச்சு, பெயின்டும் அடிச்சுட்ட. குடி வர்றவன் ஆணி அடிக்கக்கூட ஒன்கிட்ட அனுமதி கேக்கணும் போலயே?

கலைஞர் கனவு இல்லத்துக்கு 360 சதுர அடின்னு அளவு வச்சு மூணரை லட்சம் குடுக்குறாக. அப்படி ஒரு வீட்டைக் கட்டிக் குடுத்துட்டு ஒரு வருசம் கழிச்சுப் போயிப் பாரு. வாசல்ல ஒரு தகரக் கொட்டகை நீட்டியிருக்கும், பக்கவாட்டுல ஒரு வெறகடுப்பு இருக்கும், பெரிசு அங்கிட்டுத்தான் கட்டுலு போட்டுப் படுத்திருக்கும். பிளான்ல இல்லாத எடத்துலதான் பொழப்பு நடக்குது. அந்தக் கொட்டகைய நீயே முன்கூட்டி வரைஞ்சு வச்சா ஒன் கை என்ன தேஞ்சா போகும்?

அடுத்த ஷீட்டு மாவட்ட நூலகமா? பேஷ். மேக்க பாத்துப் பூராம் கண்ணாடி. மதுரை வெயிலுக்குப் பொஸ்தகத்தைக் கருவாடு போட இம்புட்டுத் தோதா யாரும் யோசிச்சது இல்ல. வாசல் தரையில இருந்து 3 அடி ஒசரம், சரி, மழத் தண்ணி ஏறாது. சக்கர நாக்காலிக்குச் சாய்தளம் வச்சிருக்க, அதுவும் சரி. நீளம் எம்புட்டு? 15 அடி. ஒங்க சட்டமே ஒரு அடி ஏத்தத்துக்கு 12 அடி நீளம்னு சொல்லுதுன்னு நீதானே எனக்குப் படிச்சுக் காமிச்ச? மூணுக்கு முப்பத்தாறு. நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒரு மட்டத் தளம் தனி. பதினஞ்சுல ஏறுறவன் நூலகத்துக்குப் போக மாட்டான், பின்னாடியே உருண்டு ரோட்டுக்குத்தான் போவான். சர்க்காரு ஆபீசுல பாதி சாய்தளம் இப்படித்தான் இருக்கு, போட்டோ புடிக்க.

பொதுக் கட்டடம் போடுறப்ப இன்னொண்ணையும் ரோசனை பண்ணிக்க. சென்னையில ஓமந்தூரார் தோட்டத்துல சட்டசபைக்குன்னு ஜெர்மனிக்காரக கம்பெனி பிளான் போட்டுச்சு. 2010 மார்ச்சுல தொறப்பு விழா, பிரதமரே வந்தாரு. மேல இருக்க வேண்டிய கோபுரம் முடியல. சினிமா செட்டுப் போடுற தோட்டா தரணியக் கூப்புட்டு, அன்னிக்கு மட்டும் நிக்க ஒரு கோபுரத்தை வச்சாக. ஊரே அண்ணாந்து பாத்துச்சு. மறு வருசம் ஆட்சி மாறுச்சு, சட்டசபை பழையபடி கோட்டைக்கே போயிருச்சு, 2014-ல அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரி ஆச்சு. இப்ப எம்புட்டோ உசுரக் காப்பாத்துது, கொறை சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது, எம்மெல்லே உக்காரப் போட்ட பிளான்ல நோயாளி படுக்க வேண்டி வரும். ஒன் நூலகம் நாளைக்குக் கல்யாண மண்டபம் ஆகலாம், ரேஷன் குடோனும் ஆகலாம். எது ஆனாலும் வெளிச்சமும் காத்தும் கக்கூசும் வேணும். அந்த மூணும் எந்தக் கச்சிக்கும் விரோதம் இல்ல.

ஒழுங்காப் போட்டவுக இல்லாமலா? பத்மநாபசாமியக் கும்புட திருவனந்தபுரம் போனப்ப, தம்பானூருல இந்தியன் காபி ஹவுசுன்னு ஒண்ணு. உருண்டையாச் செங்கக் கட்டடம். மாடிப்படியே கெடையாது. தரையே சுத்திச் சுத்தி மேல ஏறுது, ஏற ஏறச் சொவத்தோரமா மேசையும் பெஞ்சும் கட்டியே வச்சிருக்கு. லாரி பேக்கருன்னு ஒரு இங்கிலீஸ்காரரு போட்டது. சொவத்துல செங்கலு விட்டு விட்டு ஓட்டை வச்சிருக்காரு, ஒவ்வொரு மேசைக்கும் தனியாக் காத்து. செங்கலைப் படுக்கப் போடாம பக்கவாட்டுல நிறுத்தி, நடுவுல வெத்திடம் விட்டுச் சொவரு எழுப்புற வித்தையையும் அவருதான் அங்கிட்டுப் பரப்புனாரு. செங்கலும் கலவையும் மிச்சம், சூடும் உள்ள எறங்காது. மேல பூசவும் விட மாட்டாரு. எங்களுக்குப் பூச்சு வேலைக் கூலி போச்சு, அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. காபித் தட்டோட நாள் பூராம் அந்தச் சரிவுல ஏறி எறங்குற ஆளோட மொழங்காலையும் அவரு கொஞ்சம் நெனச்சிருக்கலாம். மத்தபடி ஒரு கொத்தனாரு எழுந்து நின்னு பாக்குற வேலை அது.

பரீட்சை வைக்கிற ஜூரிக்காரக என்ன கேப்பாகன்னு எனக்குத் தெரியாது. 'கான்செப்ட் என்ன'ன்னு கேட்டா தாமரைப் பூவுன்னோ சங்குன்னோ எதையாவது சொல்லி வை, அவுகளும் சம்பளம் வாங்குறவுகதானே. மார்க்கு வாங்கிக்க. அது வேற சோலி.

ஆனா அதுக்கு முன்னால, நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு மேலத்தெரு காலனிக்குப் போ. அளவு டேப்பு என் சாமான் பையில கெடக்கு. கட்டுலைப் போட்டா கதவு முழுசாத் தொறக்குதா, அடுப்படியில ரெண்டு பேரு இடிச்சுக்காம நிக்க முடியுதா, கொடத்தை எங்க எறக்கி வைக்கிறாக, கெழவி ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை அடி நடக்குது, அம்புட்டையும் அளந்து எழுதிட்டு வா. போன உடனே டேப்பை நீட்டிறாத, வீட்டை இடிக்க வந்துட்டாகன்னு பதறிருவாக. உக்காந்து ஒரு வாய் காப்பித்தண்ணி குடி, அவுக பேசட்டும். பெறகு அள.