‘கடன்’ என்னும் சொல்லைத் தவிர்க்கும் நெறிகள்: தகுதி வழக்கு நோக்கில் ஓர் ஆய்வு

தகுதி வழக்கு மூன்று வகைப்படும் என்றார் நன்னூலார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுக்காரர். கிரெடிட் கார்டு வைத்திருந்ததாகச் சான்றில்லை. இருந்தும் இன்றைய பணப் பேச்சு மொத்தமும் அவர் வகுத்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். குழூஉக்குறிக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது. வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பச்சை உண்மை இன்றைய நிதித்துறைக்குக் கட்டுப்படியாகாது.

கருதுகோள் இது: பணத்தைப் பற்றிப் புதிதாகப் பிறக்கும் சொற்களில் பெரும்பாலானவை, ‘கடன்’ என்ற ஒரே சொல்லை வாயில் வரவிடாமல் காப்பதற்கே பிறக்கின்றன. ஆய்வுக் களங்கள்: டீக்கடை, செல்போன் கடை, பத்திரப் பதிவு அலுவலக வாசல்.

குழூஉக்குறியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பதிவு அலுவலக வாசலில் லட்சம் ‘எல்’ ஆகவும் கோடி ‘சி’ ஆகவும் சுருங்கியிருக்கின்றன. “நாப்பது எல் சொல்றாங்க, பேசினா முப்பத்தெட்டுக்கு இறங்குவாங்க.” மும்பைக்காரர்கள் லட்சத்தைப் ‘பேட்டி’ என்றும் கோடியைக் ‘கோக்கா’ என்றும் சொல்கிறார்கள். பெட்டி, பேழை என்று கொள்கலனாவது கண்ணில் தெரிகிறது. நம்மவர்களிடம் அதுவும் இல்லை; எழுத்து மட்டும்தான். பணமும் அப்படித்தானே ஆகிவிட்டது!

மங்கலம்தான் இந்த ஆய்வின் உயிர்நிலை. விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்ற இனம் நாம். அந்தக் கூச்சம் இப்போது கடன் பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்று தலைமுறை வாக்கியங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தாத்தா: “கடன் வாங்கியிருக்கேன்.” அப்பா: “லோன் போட்டிருக்கேன்.” பேரன்: “ஈஎம்ஐ ஓடுது.” முதல் வாக்கியத்தில் வாங்கியவர் தலைகுனிந்து நிற்கிறார். இரண்டாவதில் ஏதோ விண்ணப்பம் போட்ட தோரணை. மூன்றாவதில் ஆளையே காணோம். ஈஎம்ஐ எழுவாயாகி, யாரும் துரத்தாமல் தானே ஓடிக்கொண்டிருக்கிறது. தோன்றா எழுவாய் தெரியும். தப்பியோடிய எழுவாயை இலக்கண நூல்கள் இன்னும் கவனிக்கவில்லை.

மங்கலத்தின் உச்சம் ‘நோ காஸ்ட் ஈஎம்ஐ’. செல்போன் கடையில் கழுத்தில் அட்டை தொங்கும் தம்பி சொல்வதை அப்படியே பதிவு செய்கிறேன்: “சார், இருபத்தேழாயிரம். மாசம் மூவாயிரம், ஒம்பது மாசம். வட்டியே கிடையாது சார். கார்டு குடுங்க.” ஒன்பது மூன்று இருபத்தேழு, கணக்கு சரிதான். ஆனால் வங்கி வட்டி வாங்காமல் இல்லை. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் கடனாகப் போவது ஏறக்குறைய 25,390 ரூபாய். மீதி 1,610 ரூபாய் வட்டி. அந்தத் தொகையைத் தள்ளுபடி என்று கழித்துக் காட்டிவிட்டு, ஒன்பது மாதத்தில் வட்டியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ‘இல்லாத’ வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு: சுமார் 290 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி. ஆக, ‘காஸ்ட்’ இல்லாத திட்டத்தின் காஸ்ட் ஐந்நூற்றுச் சொச்சம். ரொக்கமாகக் கொடுக்க வந்தவர் “அந்தத் தள்ளுபடியை எனக்கும் குடுப்பா” என்று கேட்டால், தம்பி மேலாளர் இருக்கும் திசையைப் பார்ப்பார். மேலாளர் கூரையைப் பார்ப்பார்.

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டி பிராசசிங் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ‘ஜீரோ பர்சன்ட்’ என்ற பேர் மறைந்து ‘நோ காஸ்ட்’ என்ற பேர் நிலைத்தது. மங்கல வழக்குக்கு மறுபிறவி உண்டு என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இந்தத் திரையை ஒரே வீச்சில் விலக்கியவர் தென்காசிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்று அச்சிட்டிருந்த தாளை வாசித்துக் காட்டினேன். “அப்படின்னா மூன்றரை வட்டின்னு சொல்லு தம்பி. ஊர்ல ரெண்டு வட்டிக்குத் தர்ற ஆளையே பாவின்னு திட்டுறோம். அவருக்குப் பாவம் இந்தப் பளபள அட்டை அடிச்சுக் குடுக்கத் தெரியல.” நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்று கேட்கிற வழக்கு நம்முடையது. அதில் மூன்றரை வட்டி என்பது ஆண்டுக்கு 42 சதவீதம். ஆங்கிலத்தில் ஏபிஆர் என்று சொன்னால் நான்கு பக்கம் தள்ளிப் பொடி எழுத்தில் வரும்.

நியாயமாகச் சொன்னால், வட்டிக்காரர் தரப்பில் மங்கலம் கிடையாது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயரிலேயே பயமுறுத்திவிடுவார்கள். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே இந்தச் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல், வரையறையோடு உட்கார்ந்திருக்கின்றன. தெருப்பேச்சு சட்டப் பிரிவானதும், காவல்துறை 2022இல் தன் வேட்டைக்கே ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று பெயர் வைத்ததும் சொல்லாய்வாளர் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சிகள். கடன் வாங்கியவர்கள் அதே கண்ணால் பார்ப்பார்களா என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.

இறக்குமதிச் சரக்குகளையும் தொட்டாக வேண்டும். 2023 கடைசியில் டிக்டாக்கில் பிறந்து உலகைச் சுற்றியது ‘லவுட் பட்ஜெட்டிங்’: காசு செலவழிக்க விருப்பமில்லை என்பதை உரக்கச் சொல்லுவது. “அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா” என்று ஜவுளிக்கடை நடுவில் நம் அப்பாக்கள் முழங்கியதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டோம். ‘கிரவுட் ஃபண்டிங்’ என்பார்கள். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்து மொய் விருந்துக்கு ஆடி மாதத்தில் போய்வந்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு அசரமாட்டார்கள். பந்தலில் கறிச்சோறு, மேசையில் மொய் நோட்டு, பக்கத்தில் பணம் எண்ணும் இயந்திரம். வட்டி கிடையாது, திருப்பிச் செய்யும்போது கூடுதலாக வைக்கும் தொகை புதுக் கணக்காக ஏறும். இதற்கு ‘நோ காஸ்ட்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை என்பதைத் தனியாகக் குறிக்கிறேன்.

கடைசியாக இடக்கரடக்கல். வாங்கியதைக் கட்டவில்லை என்பது சபையில் சொல்லத் தகாத செய்தி. ஆகவே செக்தான் ‘பவுன்ஸ்’ ஆகிறது. 300க்கும் 900க்கும் நடுவே கிடக்கும் சிபில்தான் ‘அடி வாங்குகிறது’. இங்கேயும் ஆள் தப்பித்துவிட்டார். முன்பு மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள் என்று ஊர் சிரிக்கும். பெரிய நிறுவனங்களுக்கு 2016இல் திவால் சட்டம் வந்தது. அதில் கடன் கொடுத்தவர்கள் இழப்பதற்கு ‘ஹேர்கட்’ என்று பெயர். முடிவெட்டிக்கொண்டு வந்தால் முகம் பளிச்சென்று ஆகும் அல்லவா, அந்த அளவுக்கு மங்கலமும் சேர்ந்த சொல்.

நம் ஊரில் இதற்கு ‘மொட்டையடித்தல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது என்றும், அதுவே பொருத்தம் என்றும் நான் வாதிட்டால் மொழிப்பற்று என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே சான்று. வீடியோகான் குழும வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட பாக்கி சுமார் 64,800 கோடி ரூபாய். கைக்கு வருவதாக இருந்தது 2,962 கோடி, அதாவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2021 ஜூனில் மும்பையின் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் தன் உத்தரவில், சரக்கும் சேவையும் கடனுக்குக் கொடுத்தவர்களுக்கு 99.28 சதவீதம் பறிபோவதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டு, இது ஹேர்கட்டா, முழு மொட்டையா என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியது. இக்கருதுகோளுக்கு அரசு முத்திரையோடு கிடைத்திருக்கும் சான்று இதுவரை இது ஒன்றுதான்.