பறக்கும் யானைக்குத் தீனி

லாரி உரிமையாளர், நாமக்கல்: புதுசில் 40 மில்லியன் டாலர் அளவுக்கு விற்ற கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி5 விமானம், இப்போது அதில் கால்வாசி விலைக்கே வருகிறதாமே?

வருகிறது. நீங்கள் பழைய லாரி வாங்கினால் டயர்க்கடைக்காரர் பாதி விலைக்கு டயர் தருவாரா? விலை இறங்குவது விமானத்துக்கு மட்டும்தான். பைலட் சம்பளம், ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், உதிரிபாகம் எதுவும் இறங்காது, சிலது ஏறவே செய்யும். டேங்க்கை நிரப்பினால் ஏறக்குறைய 23,000 லிட்டர், ஊரில் ஓடும் ஒரு பெரிய டேங்கர் லாரியையே ஒரே மூச்சில் குடிக்கிற கணக்கு. இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் பிஆர்710 எஞ்சின்களில் ஒன்றை இறக்கி ஓவர்ஹால் செய்யவே பல மில்லியன் டாலர் ஆகும். இரண்டுக்கும் அடுத்தடுத்து முறை வந்தால் பில், வாங்கிய விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதனால்தான் 'எஞ்சின் புரோகிராம்' உண்டா என்று முதலில் கேட்பார்கள். பறக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று கட்டிக்கொண்டே வந்தால் ஓவர்ஹால் செலவை அந்தப் புரோகிராம்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் ஊர் சீட்டு மாதிரிதான். நடுவில் விட்டவர் மறுபடி சேர வேண்டுமானால் விட்ட தவணையையெல்லாம் கட்ட வேண்டும். 'மலிவு' என்று விளம்பரம் வரும் விமானங்களில் பல, சீட்டை விட்டவர்களுடையவை.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: நிஜமான கோடீஸ்வரர்கள் செகண்ட் ஹேண்ட் வாங்குவார்களா?

வாரன் பஃபெட் வாங்கினாரே! 1986ல் ஒரு பழைய ஃபால்கன் 20, எட்டரை லட்சம் டாலர். பங்குதாரர்களுக்கு வருஷா வருஷம் எழுதும் கடிதத்தில் அந்தச் செய்தியை மட்டும் பொடி எழுத்தில் போட்டார். 1989ல் 6.7 மில்லியன் டாலருக்கு இன்னொரு பழைய விமானத்துக்கு மாறியபோது, 'நியாயம் சொல்ல முடியாதது' என்று பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டினார். பிறர் திட்டுவதற்கு முன் தானே திட்டிக்கொள்ளும் சாமர்த்தியம்.

மெக்கானிக், அம்பத்தூர்: வாங்குவதற்கு முன் எதை சார் பார்ப்பார்கள்? நான் என்றால் எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

விமானத்தில் சத்தத்தைவிட நாற்றம் முக்கியம்! விளையாட்டில்லை. வாங்குபவர் செலவில் விமானத்தை வாரக்கணக்கில் ஒரு பட்டறையில் நிறுத்தி, தரைப் பலகைகளைக் கழற்றுவார்கள். அனுபவஸ்தர் முதலில் போய் எட்டிப்பார்க்கிற இடம் கழிவறைக்கும் சமையல் மேடைக்கும் அடிப்பக்கம். 15, 20 வருஷமாகச் சிந்திய காபியும் ஜூஸும், சொல்லக் கூசுகிற மற்றதும் அங்கேதான் இறங்கி அலுமினியத்தை அரித்துக்கொண்டிருக்கும். மேலே கன்றுத்தோல் நாற்காலி, கீழே வெள்ளை வெள்ளையாகப் பொரிந்த உலோகம். எஞ்சினுக்குள் போரோஸ்கோப் என்ற ஒல்லியான கேமரா குழாயை விட்டு, ஒவ்வொரு பிளேடாகத் திருப்பிப் பார்ப்பார்கள். மருத்துவர் எண்டோஸ்கோபி செய்வாரே, அதேதான். பறக்கும் தகுதியைக் கெடுக்கிற குறை தென்பட்டால் விற்பவர் செலவில் சரிசெய்வது வழக்கம். எது அந்த ரகக் குறை, எது வெறும் அழுக்கு என்பதில்தான் இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் பிழைப்பு ஓடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: விமானத்துக்கும் ஜாதகம் பார்ப்பதுண்டா?

பார்க்காமல் வாங்குகிறவரைப் பெரிய மனது படைத்தவர் என்று சொல்லலாம், வேறு வார்த்தை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். லாக் புக் என்பது அந்த ஜாதகம். எஞ்சினுக்குள் சுழலும் வட்டுகளுக்கு ஆயுள் இத்தனை பறப்புச் சுற்று என்று தொழிற்சாலையே எழுதிக்கொடுத்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்து எந்த எஞ்சினில் எத்தனை சுற்று ஓடியது என்று காகிதம் இருந்தால் அது எஞ்சின் பாகம். காகிதம் இல்லையென்றால், பளபளவென்று இருந்தாலும் பழைய இரும்பு. ஒரு பெட்டி ஆவணம் தொலைந்துபோனதற்காக விமானத்தின் விலையே கணிசமாகச் சரிவதுண்டு.

ஏற்றுமதியாளர், திருப்பூர்: சென்னையில் ஏறி நியூயார்க்கில் இறங்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. எது வாங்கலாம்?

பிடிவாதத்தைத் தள்ளுபடி செய்தால் பாதிப் பணம் மிச்சமாகும். சென்னை-நியூயார்க் சுமார் 13,500 கி.மீ. அதே கல்ஃப்ஸ்ட்ரீமின் ஜி550 போகும் தூரம் 12,500. அதுவும் எட்டே பயணிகள், நிதான வேகம், காற்று இல்லை என்ற கணக்கில். ஜி650ஈஆர் காகிதத்தில் 13,890 கி.மீ. போகும். ஆனால் மேற்கே போகும்போது எதிர்காற்று, அதிலும் குளிர்காலத்தில் அது காகிதத்தைப் படிப்பதில்லை. பேசாமல் ஜி550ஐ வாங்கி அயர்லாந்தின் ஷானனில் இறக்குங்கள். எண்ணெய் நிரப்பும் நேரத்தில் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை, சுங்கம் இரண்டையும் அங்கேயே முடித்துவிடலாம். தனி விமானங்களுக்கு அந்த வசதி உண்டு. எப்படியும் இவ்வளவு நீண்ட பயணத்துக்கு இரண்டு பைலட் போதாது, மூன்று நான்கு பேர் முறை வைத்துத் தூங்க வேண்டும். உங்கள் படுக்கையில் ஒன்று அவர்களுக்குப் போகும், பரவாயில்லையா?

பழைய இரும்பு வியாபாரி, சிவகாசி: ரொம்பப் பழசு, ரொம்ப மலிவு, அப்படி ஏதாவது?

கல்ஃப்ஸ்ட்ரீம் 2, 3. 2015 டிசம்பர் 31க்குப் பிறகு, சத்தம் குறைக்கும் கருவி மாட்டாமல் அமெரிக்காவில் பறக்க முடியாது. உங்கள் தொழிலுக்கு ஏற்ற சரக்கு.

இல்லத்தரசி, மதுரை: பறந்தால்தானே செலவு? வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவைத்தால்?

அம்மா, பட்டுப்புடவையைப் பீரோவிலேயே வைத்தால் மடிப்பில் இற்றுப்போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பெரிய சோதனைகள் பல நாள்காட்டிப்படி வருபவை. பறந்தாயா என்று அவை கேட்பதில்லை. எரிபொருள் தொட்டியின் அடியில் ஈரம் சேரும். அந்தத் தண்ணீரில் ஒருவகைப் பூஞ்சை முளைத்து மண்ணெண்ணெயையே தின்று வளரும், தோசை மாவுப் பாத்திரத்தில் ஒட்டியது போலப் பிசுபிசுவென்று படியும், வடிகட்டியை அடைக்கும், தொட்டியையும் அரிக்கும். கடலோர ஊரானால் உப்புக்காற்று இலவசம். ஒரு வருஷம் நின்ற விமானத்தைவிட 400 மணி நேரம் பறந்ததை நான் நம்புவேன்.

ஆடிட்டர், மயிலாப்பூர்: அமெரிக்காவில் டிசம்பர் மாதம் விமானச் சந்தை சூடு பிடிப்பது கிறிஸ்துமஸ் பரிசுக்காகவா?

கண்ணடித்துக்கொண்டே கேட்கிறீர்கள், தெரிகிறது. 2017ல் வந்த வரிச் சட்டம், பழைய விமானமானாலும் தொழிலுக்கானால் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழிக்கலாம் என்றது. 2023 முதல் அது படிப்படியாகக் குறைந்தது. 2025ல் மீண்டும் நூற்றுக்கு நூறு. டிசம்பர் 31க்குள் விமானம் கைக்கு வந்து வேலையிலும் இறங்கியிருக்க வேண்டும். அந்தக் கடைசி வாரத்தில் சோதனையைச் சுருக்கி வாங்குகிறவர், வரியில் மிச்சம் பிடித்ததைக் கழிவறைக்கு அடியில் தொலைப்பார். நம் நாட்டில் கதை நேர் எதிர். சொந்த உபயோக விமானத்துக்கு 2025 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம்.

பத்திர எழுத்தர், தஞ்சாவூர்: கிரயம் எங்கே எழுதுவார்கள்?

ஓக்லஹோமா நகரத்தில். அமெரிக்க விமானப் பதிவு அலுவலகம் அங்கே இருப்பதால், நடுவில் பணத்தைப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கம்பெனிகளும் அதைச் சுற்றியே கடை போட்டிருக்கின்றன. விமானம் விற்பனை வரி இல்லாத ஒரு மாநிலத்தில் போய் நிற்கும். வாங்குபவர், விற்பவர், வக்கீல்கள் எல்லோரும் ஒரே போனில் வருவார்கள். "விடுவிக்கிறேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல, பத்து நிமிஷத்தில் முடிந்தது. வெற்றிலை பாக்கு கிடையாது.

ஆர்க்கிடெக்ட், கோவை: உள் அலங்காரத்துக்குச் செலவழித்தால் விற்கும்போது திரும்ப வருமா?

வராது. எல்விஸ் பிரெஸ்லி 1975ல் டெல்டா கம்பெனியின் பழைய கான்வேர் 880 விமானத்தை இரண்டரை லட்சம் டாலருக்கு வாங்கினார், அலங்காரத்துக்கு அதைவிட அதிகம் செலவழித்தார். சீட் பெல்ட் கொக்கிக்குத் தங்க முலாம்! ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஆப்பிள் கம்பெனி புத்தம் புது ஜி5 கொடுத்தது. கதவைத் திறக்க ஒரு பட்டன், மூட ஒரு பட்டன் எதற்கு, ஒன்று போதாதா என்று ஆரம்பித்து, பட்டனின் பளபளப்பு பிடிக்காமல் மங்கலாகத் தேய்த்த உலோகத்துக்கு மாற்றி, ஒரு வருஷத்துக்கு மேல் மெனக்கெட்டார். அவர் மறைந்த பின் அந்த விமானத்தை அவர் மனைவியிடமிருந்து வாங்கியவர், ஐபோனை வடிவமைத்த ஜானி ஐவ். அந்தப் பட்டனின் அருமை தெரிந்த ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தது. உங்கள் விமானத்துக்கு அப்படி ஒருவர் கிடைப்பாரா?

அதே லாரி உரிமையாளர், நாமக்கல்: கடைசியாக ஒன்று. சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டால் செலவு வந்துவிடாதா?

ஒரு பகுதி வரும். ஆனால் வாடகைக்கு ஓட்ட வேறு லைசென்ஸ், வேறு கெடுபிடி. தவிர, நீங்கள் சரக்கை இறக்கிய ஊரில் ரிட்டர்ன் லோடு வரும்வரை டிரைவரைப் படுக்கச் சொல்வீர்கள். இங்கே வாடிக்கையாளரை இறக்கிவிட்டு, பல சமயம் காலியாகவே பறந்து வர வேண்டும். அந்தக் காலி டிரிப்பைக் குறைந்த விலைக்கு விற்கவென்றே புரோக்கர்கள் இருக்கிறார்கள். விமானத்தில் ஏறியே ஆக வேண்டும் என்றால் அவர்களில் ஒருவருக்கு போன் செய்யுங்கள்.