காடி வெளியே, கெலாடி உள்ளே

கிள்ளானில் செடி அக்கா வீட்டைக் கண்டுபிடிக்க நம்பர் வேண்டாம். எந்த டெர்ராஸ் வீட்டுக் காடி ரோட்டில் நின்று வேகிறதோ, அதுதான். தாமானுக்குத் தாமான் இப்படி ஓர் அக்கா உண்டு.

காடி வெளியேறியதற்கு அவரிடம் நியாயம் இருக்கிறது. கெலாடிக்கு நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும். போர்ச் நிழல் அதற்கு. குரோட்டனுக்கு வெயில் குறைந்தால் சிவப்பும் மஞ்சளும் போய் வெறும் பச்சையாகிவிடும். கேட் ஓரம் அதற்கு. "காடிக்கு எங்க நின்னா என்னங்க, அது என்ன வாடியா போகும்?"

2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நாடே கெலாடிப் பைத்தியம் பிடித்துத் திரிந்தது. மற்றவர்களுக்குத் தெளிந்துவிட்டது.

"உரம் வாங்கத்தான்" என்று சுங்கை பூலோவுக்குக் கிளம்புவார். 1930இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பு அங்கே உண்டு. குணமானவர்கள் செடி வளர்த்து விற்கத் தொடங்கியதுதான் இன்று நர்சரி வரிசையாக நீள்கிறது. திரும்பும்போது காடியின் பின்சீட்டில் மூன்று செடிகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். உரம் மறந்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போனாலும் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறும்போது கைப்பையில் ஈர டிஷ்யூ சுற்றிய கிளை ஒன்று இருக்கும். கேட்டு வாங்கிய கிளை வேர் பிடிக்காது என்பது அவர் சித்தாந்தம்.

இடமா? வாஷிங் மெஷின் மேல், செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி, லோங்காங் மூடி. அதுவும் நிறைந்தால் பக்கத்து வீட்டுக்குச் செடி தானம். "உங்க பக்கம் வெயில் நல்லா விழுதும்மா. நானே வந்து தண்ணி ஊத்துறேன்." ராஜ்ஜியங்கள் இப்படித்தான் விரிந்தன. ஏடிஸ் கொசு பார்க்க டார்ச்சோடு அதிகாரிகள் தெருவில் நுழைந்தால் மட்டும் சட்டிக்கு அடியிலுள்ள தட்டுகள் மாயமாய் மறையும்.

மெல்பர்னில் இருக்கும் மகள் ஏப்ரலில் மேப்பிள் படம் அனுப்புவாள், "அங்க இதெல்லாம் ஏதும்மா" என்று. அக்காவுக்கு ரோஷம் வந்துவிடும். பக்கத்து பிளாட் வாசல் கெத்தாப்பாங் மரம் உதிர்த்த ரத்தச் சிவப்பு இலையைப் பொறுக்கிப் படமெடுத்து அனுப்புவார். தோட்டத்தில் பிறந்தவருக்கு இலையுதிர்காலத்தை யார் சொல்லித் தர வேண்டும்? பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் மஞ்சளும் செம்புமாய் மாறிக் கொட்டும். பால் வற்றும், கூலியும் வற்றும். மங்கு காலியாய்க் கிடக்கும்போது அண்ணாந்து பார்த்து "என்ன கலர்!" என்று யார் சொல்வார்கள்? புக்கிட் ராஜா பக்கத்துத் தோட்டங்கள் தாமான்களாகிவிட்ட பிறகுதான் அக்காவுக்கு அந்த நிறங்களை ரசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. குரோட்டன் மோகத்துக்கு வேர் அங்கேதான் என்பது என் சந்தேகம்.

போன வாரம் புதிய யோசனை. மேப்பிள் இங்கே வளருமா என்று மகளிடமே கேட்டார்.

"குளிர் வேணும்மா. கிள்ளான்ல எங்க வைப்பீங்க?"

"மாடி ரூம் ஏர்கான் சும்மா ஒரு ஆளுக்குத்தானே ஓடுது."

அன்று இரவு அக்காவின் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.